ரஷீதாவின் மேசையிலிருந்து நீ இறக்கிய பெட்டி

மகனே,

நீ செய்தது தவறு. முதலில் அதை எழுதிவிடுகிறேன். உன் ஆபீஸில் ரஷீதாவின் மேசை மேல் இருந்த மரப்பெட்டியை ஆள் வைத்து இறக்கி, கழிப்பறைப் பக்கம் துடைப்பம் சாத்தி வைக்கும் மூலையில் போடச் சொன்னாய். "எல்லாரையும் போல உட்கார்ந்து வேலை செய்ய முடியும்னா திங்கட்கிழமை வா, முடியாதுன்னா வீட்டிலேயே இரு" என்று அவளிடம் சொன்னாய். அவளுக்கு முதுகில் என்ன கோளாறு என்று உனக்குத் தெரியும். அந்தப் பெட்டி யாருடையது என்பதும் தெரியும். தெரியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அதன் பக்கவாட்டில் நீலக் கலர் பென்சிலால் ஓர் எலெக்ட்ரிக் ரயில் வரைந்திருக்கிறது. அதை வரைந்தவன் நீ.

போனில் பேசிவிடலாமே என்றார் உன் அப்பா. போனில் நீ குறுக்கே பேசுவாய், பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இதில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை எது நடந்தாலும் அது பத்திரிகைக்குப் போகும். பயப்படாதே, அந்தப் பிரதியில் உன் பெயரும் இருக்காது, உன் கம்பெனி பெயரும் இருக்காது, ரஷீதாவுக்கும் வேறு பெயர்தான். உன்னைப் போல கதவு வைத்த அறை கிடைத்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது. எனக்கு நின்று எழுதிப் பழக்கம். இதைச் சமையல் மேடையில் நின்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் என் பெட்டி உடைந்து கிடக்கிறது.

நேற்று சாயந்திரம் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டி பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழ்மூலை ஒன்று பிளந்திருந்தது. நம் பக்கத்து வீட்டு ஜபார் பாய் மகள், சின்ன வயதில் உன்னை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு நம் வீட்டு மாடியில் பட்டம் விட்டவள், நீயே சிபாரிசு செய்து உன் ஆபீஸில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்த்துவிட்டவள், வாசலில் ஒரு திருடியைப் போல நின்றாள். "ஆன்ட்டி, இது இனிமே தேவைப்படாது. வலி சரியாயிடுச்சு. கொஞ்சம் உடைஞ்சிடுச்சு, அத்தாகிட்ட சொல்லி ஒட்டிக் குடுத்துடறேன்" என்றாள். சரி, உட்காரும்மா என்றேன். நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த உட்காருதலை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கில் அப்படி உட்கார்ந்தவள் நான். வலி சரியானவர்கள் அப்படி உட்காருவதில்லை.

"யார் இறக்கச் சொன்னது?" என்றேன்.

"சார் மேல தப்பு இல்ல ஆன்ட்டி." வீட்டில் அண்ணாவாக இருந்த நீ இப்போது சார். "எம்.டி. வந்தாரு, கூட ஒரு வெளிநாட்டு கஸ்டமர். எல்லாரும் எழுந்து நின்னாங்க, அப்புறம் உட்கார்ந்துட்டாங்க. நான் மட்டும் நின்னுட்டே இருந்தேன். 'அந்தப் பொண்ணுக்கு என்ன, பனிஷ்மென்ட்டா?'ன்னு எம்.டி. கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. சாருக்கு முகமே செத்துப்போச்சு. நீங்க எதுவும் கேட்காதீங்க ஆன்ட்டி, கேட்டா எனக்குத்தான் பேஜாரு."

அவள் போன பிறகும் அந்தச் சிரிப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து நின்றுகொண்டது. அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் நான் குரோம்பேட்டையில் வேலை பார்த்த கதையை உனக்குச் சொல்ல வேண்டும். அது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். டைப் அடிப்பது, இன்வாய்ஸ் போடுவது, வெளிநாட்டுக்காரனுக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவது, எல்லாம் நானாகப் பார்த்துப் படித்துக்கொண்டது. தோல் பை ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் சேர்ந்து கணக்குப் பிரிவுக்கு வந்தேன். உன்னைப் பெற்றதிலிருந்தே இடுப்பில் வலி இருந்தது. மேசை வேலைக்கு வந்த பிறகு அது வேறு உருவம் எடுத்தது. உட்கார்ந்தால் இடுப்பில் தொடங்கி இடது காலின் பின்பக்கமாகக் குதிகால் வரை மின்சாரம் மாதிரி இறங்கும். ஓர் இன்வாய்ஸ் முடிப்பதற்குள் நாற்காலியில் எத்தனை விதமாகத் திரும்பலாமோ அத்தனை விதமாகத் திரும்பி உட்காருவேன். தாம்பரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். "பெட் ரெஸ்ட் எடுங்கம்மா, முடிஞ்சா வேலையை விட்டுடுங்க" என்றார். வேலையை விட்டால் வலி போய்விடுமா என்று கேட்டேன். டென்ஷன் குறையும் என்றார். எனக்கு வலி டென்ஷனில் இல்லை, இடுப்பில் இருந்தது. அந்த டாக்டரிடம் பிறகு நான் போகவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா டாக்டர் கட்சியில் சேர்ந்துவிடுவார்.

நானே கவனித்துப் பார்த்தேன். செம்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டியபோதுதான் நமக்கு நின்று சமைக்கிற மேடை வந்தது. அதுவரை வாடகை வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சமைத்தேன். மேடை முன்னால் நின்று காலையில் எல்லா வேலையையும் முடிக்கும்வரை வலி எட்டிப் பார்ப்பதில்லை. ரயிலில் யாராவது பாவம் பார்த்து இடம் கொடுத்து உட்கார்ந்தால் சானடோரியம் வருவதற்குள் கால் இழுக்கும், கம்பியைப் பிடித்து நின்று போனால் ஒன்றுமில்லை. ஞாயிறு முழுக்க நின்று வேலை செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் மனுஷியாக ஆபீஸுக்குப் போவேன். சாயந்திரம் திரும்பும்போது முதுகை யாரோ அடித்துத் துவைத்த மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு வேண்டாம். எனக்கு வேண்டியது ஆபீஸிலும் ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான். வீட்டில் ஒரு பெண் விடிந்ததிலிருந்து மேடை முன்னால் நிற்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அதே பெண் ஆபீஸில் நின்று எழுதினால் ஊர் கூடிவிடுகிறது. இது எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

பேக்கிங் பகுதியில் கன்னியப்பன் என்று ஒரு தச்சர் இருந்தார். சரக்கு அனுப்பும் பெட்டிகளை அடிப்பவர். என் மேசை மேல் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டேன். "இன்னா மேடம், நாற்காலி ஒடைஞ்சு பூட்ச்சா?" என்றார். நாற்காலி இல்லை, என் இடுப்பு என்றேன். "அப்ப நின்னுகினே எழுதப் போறியா? நல்லா கீது கதை" என்று சிரித்துவிட்டு, என்னை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கை உயரத்துக்கு அளவு எடுத்தார். கழித்துப் போட்ட பலகைகளில் அடித்தது. இந்தப் பக்கம் மேலே என்று ஆங்கிலத்தில் எழுதி ஓர் அம்புக்குறி ஏற்கனவே அச்சாகியிருந்தது. அதை இழைத்து எடுத்துவிடட்டுமா என்றார். இருக்கட்டும், யாருக்காவது சந்தேகம் வந்தால் படித்துக்கொள்ளட்டும் என்றேன்.

பெட்டியை மேசை மேல் ஏற்றி, லெட்ஜரை அதன் மேல் விரித்து, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றேன். மத்தியானம்வரை ஆபீஸில் வேறு வேலையே நடக்கவில்லை. பக்கத்து மேசை டைப்பிஸ்ட் கையை நீட்டி, "கண்டக்டரம்மா, தாம்பரம் ரெண்டு குடுங்க" என்றாள். "சில்லறை இல்ல, எறங்கு" என்றேன். ரேஷன் கடை என்றார்கள், செக்போஸ்ட் என்றார்கள். நான் அன்றைய இன்வாய்ஸ் அத்தனையையும் முடித்துவிட்டு, காலை இழுக்காமல் நடந்து ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த நடை எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ரஷீதாவும் நான் கொடுத்த இதே பெட்டியை எடுத்துப்போன முதல் நாள் அப்படித்தான் நடந்து வந்தாள். தெரு முனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். எனக்கும் அவளுக்கும் முழங்கை ஒரே உயரம். கீபோர்டையும் பார்த்து அடிக்கிற தாள்களையும் பெட்டி மேல் வைத்து, மானிட்டரை அதன் பின்னால் பலகை அடுக்கி உயர்த்தினாளாம். உங்கள் ஆபீஸில் அவளைவிடத் தப்பில்லாமல் அடிப்பவர்கள் இல்லை என்று என்னிடம் சொன்னவன் நீதான்.

எங்கள் மேனேஜர் வரதராஜன். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. காலையில் அவர் வாசலில் கால் வைத்ததும் மொத்த ஆபீஸும் எழுந்து நிற்கும். அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி லேசாக அமுக்கிக் காட்டுவார், எல்லோரும் உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு நாள் தொடங்கும். என் மேசைப் பக்கம் வந்தபோது அந்தச் சந்தோஷத்தில் கல் விழுந்தது. எழுந்திருக்க நான் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கையை அமுக்கினாலும் நான் உட்காரவில்லை. முதலில் பெட்டி பார்க்க நன்றாக இல்லை என்றார். பிறகு மெமோ கொடுத்தார். நான் நின்றுகொண்டே பதில் எழுதினேன். கடைசியில் ஒரு யோசனை சொன்னார். "நான் வர்ற நேரம் உங்களுக்குத் தெரியும் இல்ல? அப்ப மட்டும் உட்கார்ந்துக்கோங்க. நான் வந்ததும் எழுந்திருங்க." நான் சொன்னேன்: "உங்களுக்காக உட்கார்ந்து உங்களுக்காக எழுந்திருக்கறதுக்கு, நான் இப்படியே நின்னுட்டா ரெண்டு வேலை மிச்சம் சார்." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் பெட்டி வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் நான் வெளியே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரஷீதாவுக்கு நீ வைத்த அதே கெடுதான். நீ அதை எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. நீ கற்றுக்கொண்டது அதை இல்லை. வேறொன்றை. அதற்குத்தான் வருகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. உனக்கு அரை நாள் பள்ளி. உனக்கு ஷூ வாங்க அப்பா உன்னைக் குரோம்பேட்டைக்கு அழைத்து வந்தவர், அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆபீஸுக்குள் நுழைந்தார். அந்த வாரம்தான் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று உன்னைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைத்திருந்தார்கள். நீ உள்ளே வந்து பார்க்கிறாய். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் நிற்கிறேன். "அப்பா, அம்மாவை ஏம்பா நிக்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அழ ஆரம்பித்துவிட்டாய்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் நம் வாசலில் குப்பை போட்டால் அதையும் கூட்டி எடுப்பவர். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் நேராக மேனேஜர் அறைக்குள் போய்விட்டார். நீ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாய்.

"சார், என் வொய்ஃப் என்ன தப்பு பண்ணாங்க?"

"நீங்க யாரு? உட்காருங்க சார்."

"அவங்க நிக்கறப்ப நான் உட்கார மாட்டேன். என்ன தப்பு பண்ணாங்க, அதைச் சொல்லுங்க."

"ஐயோ சார், நான் எங்க நிக்க வெச்சேன்? உட்காருங்க உட்காருங்கன்னு மாசக்கணக்கா நான்தான் கத்திட்டு இருக்கேன்!"

கதவு திறந்திருந்தது. மொத்த ஆபீஸும் வெடித்துச் சிரித்தது. வரதராஜன் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் தன் மனத்தாங்கலை உன் அப்பாவிடம் கொட்டினார். "நீங்களே சொல்லுங்க சார். நான் உள்ள வர்றேன், எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. இவங்க ஏற்கனவே நிக்கறாங்க. எனக்காக நிக்கறாங்களா, இடுப்புக்காக நிக்கறாங்களா, பார்க்கறவனுக்கு எப்படித் தெரியும்?" மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் உன் அப்பாவுக்கு என் இடுப்பு விஷயமே தெரிய வந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் சொன்னார்: "உங்களுக்காகன்னு தெரியணும், அவ்வளவுதானே சார்? நீங்க வர்றப்ப பேனாவை மூடிக் கீழ வெச்சிடுவாங்க. மரியாதைன்னா கையில இருக்கற வேலையை நிறுத்தறதுதானே? நிக்கறதுல என்ன இருக்கு, பஸ் ஸ்டாப்ல எல்லாரும்தான் நிக்கறாங்க."

"அது போதும்" என்றார் வரதராஜன்.

என்னைக் கேட்காமல் உன் அப்பா ஒப்புக்கொண்டதில் எனக்குக் கோபம். ரயிலில், எப்படி முடிச்சேன் பார்த்தியா என்று இரண்டு தரம் கேட்டார். தாம்பரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி நின்றேன். ஆனால் திங்கட்கிழமை காலை வரதராஜன் வாசலில் கால் வைத்தபோது, பேனாவை மூடி, ஆபீஸுக்கே கேட்கிற மாதிரி டக்கென்று பெட்டி மேல் வைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி எனக்கென்று தனியாக ஒரு முறை கையை அமுக்கிக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்களில், நான் பேனாவை மூடுவதற்குள் வாசலிலிருந்தே "எழுதுங்கம்மா, எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார்.

உனக்கு இது எதுவும் தெரியாது. பேனா விஷயம் பேசும்போது நீ அழுகையை நிறுத்தியிருக்கவில்லை. நீ அந்த அறையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தது சிரிப்பை மட்டும்தான். உன் அம்மா நின்றாள், ஊர் சிரித்தது. பிறகு விடுமுறை நாட்களில் உன்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போனபோது நீ மேசை மேல் ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் பக்கவாட்டில் ரயில் வரைந்தாய், அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கொஞ்சம் வளர்ந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டாய். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஆபீஸ் ஜன்னலைச் சாத்தி வெச்சுக்கோம்மா" என்றாய். ஏன் என்று கேட்டேன். ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு உன் நண்பன், உங்க அம்மா நிக்கற கிளார்க்காடா என்று கேட்டானாம். ஜன்னலைச் சாத்தினால் வியர்க்கும், சாத்த மாட்டேன் என்றேன். சாத்தவும் இல்லை. நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். இன்றைக்குக் கேட்டாலும் சாத்த மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் நீ எழுந்து போனது எனக்கு வலித்தது என்பதையும் இன்றைக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஆகவே உன் எம்.டி. அப்படிக் கேட்டு உன் ஆபீஸ் சிரித்தபோது உனக்குக் கேட்டது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். நீ மறுபடியும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். அந்தப் பையனுக்காக நான் வருத்தப்படுகிறேன். ஆனால் அந்தப் பையன் கையில் இப்போது ஓர் ஆபீஸ் இருக்கிறது. அழுத பையனாவது அம்மாவை ஏன் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்டான். வளர்ந்தவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை, பெட்டியை இறக்கச் சொன்னான். அந்த இடத்தில் நீ சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "பனிஷ்மென்ட் இல்ல சார், அவங்களுக்கு முதுகு வலி, நின்னா நல்லா வேலை செய்யறாங்க." அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரனுக்கு அது புரியாமல் போயிருக்குமா? அவனுக்கும் முதுகு இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பாய். ஆட்கள் ஒரே மாதிரி இல்லையே. ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பாய். கேட்டால் கொடு. பலகைதானே? நாள் பூராவும் நிற்பது மட்டும் நல்லதா என்று கேட்பாய். அதில் நீ சொல்வது சரி, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். உட்கார்ந்தால் வரதராஜன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று நான் வீம்புக்குக் காலையிலிருந்து சாயந்திரம்வரை நின்றேன். இடுப்பு தப்பித்தது, கால் நரம்புகள் சுருட்டிக்கொண்டன. என் கெண்டைக்காலை நீ பார்த்திருக்கிறாய். ரஷீதாவுக்கு நான் அதைச் சொல்லித்தான் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரம் நில், கொஞ்ச நேரம் உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொள், ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்னக் கட்டை மேல் வை, வீம்புக்கு நிற்காதே என்று. ஸ்டூல் கேட்டால் நீ கோபித்துக்கொள்வாய் என்று அவள் கேட்கவே இல்லை. உன்னிடம் ஒரு ஸ்டூல் கேட்கப் பயப்படுகிறார்கள் என்பது உனக்குப் பெருமையா என்று யோசித்துப் பார்.

அவள் நல்ல வேலைக்காரி. வீட்டில் உட்கார வைத்தால் வலியும் போகாது, அவள் தானாகக் கற்றுக்கொண்டதும் வீணாகும். அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் வேலையை விட்டிருந்தால் என் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்கு நடக்க விடமாட்டேன். இதில் பேச்சுவார்த்தை இல்லை.

இனி நடக்க வேண்டியவை:

உன் அப்பா பெட்டியின் பிளந்த மூலைக்குப் பசை தடவிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் ஆணி அடித்து முடிப்பார். ரயில் இருக்கும் பக்கத்தில் உப்புத்தாள் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜபார் பாய் தன் மெத்தை தைக்கும் கடையில் உயரமான ஸ்டூல் ஒன்றுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பார். ஏன், எதற்கு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. தன் மகளை நீ என்ன சொன்னாய் என்று அவருக்குத் தெரியாமல் இருப்பது உனக்கு நல்லது.

நீ ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து செம்பாக்கத்துக்கு வருவாய். பியூனை அனுப்பக் கூடாது. பெட்டியையும் ஸ்டூலையும் நீயே தூக்குவாய். பக்கத்து வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி ரஷீதாவிடம் உன் வாயால் சொல்வாய். சாராக இல்லாமல் அண்ணாவாகச் சொல்வாய். திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்னால் போய், அம்புக்குறி மேலே பார்க்கிற மாதிரி பெட்டியை அவள் மேசை மேல் வைப்பாய்.

உன் எம்.டி.யிடம் நீ அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வாய். தாமதமாகச் சொன்னாலும் அது அதே வாக்கியம்தான்.

ரஷீதா, எம்.டி. உள்ளே வரும்போது கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொள்வாள். அது போதும். மரியாதை அதில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நீ விளக்குவாய்.

சிரித்தவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். அவர்கள் இன்னும் ஒரு வாரம் சிரிப்பார்கள், பிறகு அலுத்துவிடும். நீ மட்டும் அவர்களோடு சேர்ந்து சிரிக்காமல், அறைக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொள்ளாமல், அந்த ஒரு வாரம் அவள் மேசைப் பக்கம் நிற்பாய்.

நான் சமையல் மேடையில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ படியேறி உள்ளே வரும்போது, அது எவ்வளவு அவசரமான எழுத்தாக இருந்தாலும், பேனாவை மூடிக் கீழே வைப்பேன்.

அம்மா